பட்டம் தருவது யார்? பாடம் சொல்வது யார்?

(சிவகாசியில் நடந்த பட்டாசு – தீப்பெட்டித் தொழிலாளர் அரசியல் வகுப்பில் கட்சி ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



சென்ற மாதம் திருத்தங்கல் பக்கத்தில் ஒரு கூட்டம். கூட்டம் முடிந்து சந்தா எழுதிக்கொண்டிருந்தேன். சரவெடி பின்னுகிற ஒரு தாய் அருகில் வந்து உட்கார்ந்தார். "தோழர், எம் மக காலேசுல சேந்திருக்கா. காலேசு இங்கன இருக்கு. பட்டம் மட்டும் மதுரையில குடுக்காங்களாம். பட்டம் குடுக்கிறது ஒருத்தர், பாடம் சொல்றது ஒருத்தரா? எது யாருக்குச் சொந்தம்?" என்று கேட்டார்.

நான் மெட்ரிகுலேஷனோடு நின்றவன். கல்லூரி வாசலில் துண்டுப் பிரசுரம் கொடுத்திருக்கிறேனே தவிர, உள்ளே உட்கார்ந்து படித்ததில்லை. ஆகவே அன்று உடனே பதில் சொல்ல முடியவில்லை. "விசாரித்து வந்து சொல்கிறேன், அம்மா" என்றேன். விசாரித்தேன். படித்தேன். அந்தத் தாய் இன்று இந்த வகுப்புக்கு வந்திருக்கிறார். அவர் கேட்டது சின்னக் கேள்வி அல்ல. நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களின் அஸ்திவாரத்தைத் தொடுகிற கேள்வி.

நமக்குப் பல்கலைக்கழகம் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தவர்கள் வெள்ளைக்காரர்கள். அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு எதை வைத்துக்கொண்டார்கள், நமக்கு எதைக் கொடுத்தார்கள் என்று பார்த்தால் பதில் தானாக வந்துவிடும்.

ஆக்ஸ்போர்டு எப்படி நடக்கிறது?

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு என்று ஓர் ஊர். எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக அங்கே பல்கலைக்கழகம் நடக்கிறது. மதுரையில் பல்கலைநகர் என்று ஒரு வளாகத்தைக் காட்டுவதுபோல அங்கே காட்ட முடியாது. ஊர் முழுக்கக் கல்லூரிகள். நாற்பதுக்குச் சற்றே குறைவு. 1249, 1263, 1264 என்று ஆண்டு சொல்லும் பழைய கல்லூரிகளும் உண்டு. நம் காலத்தில் தோன்றியவையும் உண்டு. ஒவ்வொரு கல்லூரிக்கும் தனிச் சொத்து, தனி விதிகள், தனி நிர்வாகம். அதன் ஆசிரியர்களே கூடித் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

அப்படியானால் பல்கலைக்கழகத்துக்கு என்ன வேலை? பொது விரிவுரைகள், ஆய்வுக்கூடங்கள், பெரிய நூலகம், பாடத்திட்டம், பரீட்சை, பட்டம் — இவை பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. இளங்கலை மாணவனைச் சேர்த்துக்கொள்வது, தங்க வைப்பது, சோறு போடுவது, பக்கத்தில் உட்கார வைத்துப் பாடம் சொல்வது — இவை கல்லூரியின் பொறுப்பு. ஒன்றில்லாமல் மற்றொன்று இல்லை.

அந்தப் பாடம் சொல்கிற முறையைத்தான் தோழர்கள் கவனிக்க வேண்டும். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் டுடோரியல். நம்மூரில் டுடோரியல் என்றால் பரீட்சையில் தோற்றவர்கள் போகிற இடம். அங்கே அப்படியல்ல. ஓர் ஆசிரியர், அவர் முன்னால் ஒரு மாணவர், அல்லது இருவர், மிஞ்சினால் மூவர். வாரத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ, ஒரு மணி நேரம். ஆசிரியர் முந்திய வாரமே ஒரு கேள்வியும் படிக்க வேண்டிய புத்தகங்களின் பட்டியலும் கொடுத்திருப்பார். மாணவன் படித்து, யோசித்து, தன் சொந்த வார்த்தையில் கட்டுரை எழுதி வர வேண்டும். கணக்கு, விஞ்ஞானம் என்றால் கணக்குகளைப் போட்டு வர வேண்டும். "இது எப்படி? இதற்கு ஆதாரம் என்ன? எதிர்க்கட்சிக்காரன் இப்படிச் சொன்னால் என்ன பதில் சொல்வாய்?" என்று ஆசிரியர் குடைவார். குறிப்பை மனப்பாடம் செய்து தப்பிக்க முடியாது. பின்வரிசையில் ஒளியவும் முடியாது, பின்வரிசையே இல்லை!

எட்டு வாரம் கொண்ட பருவம் ஆண்டுக்கு மூன்று. பட்டத்துக்கான பரீட்சையை நடத்துவது பல்கலைக்கழகம். சொல்லிக்கொடுப்பது ஒரு கை, மதிப்பிடுவது ஒரு கை. இரண்டும் ஒரே உடம்பில் இருக்கின்றன.

அது யாருக்காக இருந்தது?

இதைக் கேட்டு, "ஆகா, என்ன நியாயமான இடம்!" என்று யாரும் மயங்கிவிட வேண்டாம். பல நூற்றாண்டுகள் அது நிலப்பிரபுக்களின் பிள்ளைகளுக்கும் பாதிரிமார்களுக்குமான இடம். இங்கிலாந்துத் திருச்சபையின் கொள்கையில் கையெழுத்திடாதவன் 1854 வரை உள்ளே நுழையவே முடியாது. மதத் தடைகள் பெருமளவு நீங்கியது 1871இல். பெண்கள் படித்தார்கள், பரீட்சை எழுதினார்கள். ஆனால் பட்டம் 1920 வரை கிடையாது. நம்மை ஆள வந்த ஐ.சி.எஸ். அதிகாரிகளில் பலர் தயாரானது அங்கேதான்.

அந்த ஊருக்குள் தொழிலாளியும் ஒரு நாள் நுழைந்தான். 1899இல் அங்கே ரஸ்கின் கல்லூரி தொடங்கியது. அது பல்கலைக்கழகத்தின் பகுதி அல்ல. அதன் பக்கத்தில் தொழிலாளர்களுக்காக எழுந்த கல்லூரி. சுரங்கத் தொழிலாளிகளும் ரயில்வே தொழிலாளிகளும் தங்கள் சங்கங்களின் உதவியோடு வந்து படித்தார்கள். மார்க்சின் பொருளாதாரத்தைக் கற்க வேண்டும் என்றார்கள். மேலிடத்துக்கு அது பிடிக்கவில்லை. 1909இல், மாணவர்களின் பக்கம் நின்ற முதல்வர் டென்னிஸ் ஹேர்டை வெளியேற்ற முற்பட்டபோது, மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆம் தோழர்களே, வகுப்பைப் பகிஷ்கரித்தார்கள்! பிறகு தொழிற்சங்கங்களின் பலத்தில் மத்தியத் தொழிலாளர் கல்லூரி என்று தனியாகவே ஒன்று நிறுவினார்கள். அந்தக் கல்லூரிக்குச் சுரங்கத் தொழிலாளர் சங்கம் அனுப்பி வைத்த ஓர் இளைஞன் அனூரின் பெவன். சின்ன வயதிலேயே சுரங்கத்தில் இறங்கியவன். 1948இல் பிரிட்டனில் எல்லோருக்கும் இலவச வைத்தியம் தந்த திட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சர் அவர்தான். தொழிலாளி தன் பிள்ளையைப் படிக்க அனுப்பினால் நாட்டுக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

நமக்கு வந்தது பாதி!

இனி நம் கதைக்கு வருவோம். 1854இல் சார்லஸ் உட் என்பவர் லண்டனிலிருந்து ஒரு கல்வி அறிக்கை அனுப்பினார். அதன்படி 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று இடங்களில் பல்கலைக்கழகங்கள் ஏற்பட்டன. சிப்பாய்கள் துப்பாக்கி தூக்கிய அதே ஆண்டு! வெள்ளைக்காரன் இவற்றுக்கு எதை மாதிரியாக எடுத்தான்? ஆக்ஸ்போர்டை அல்ல. அன்றைய லண்டன் பல்கலைக்கழகத்தை. அது 1836இல் ஏற்பட்டது. அன்று அதன் வேலை பரீட்சை வைப்பதும் பட்டம் கொடுப்பதும்தான். பாடம் சொல்வது எங்கோ, யாரோ.

அந்தக் காலத்தில் தீப்பெட்டி மேல் சர்க்கார் வரிச்சீட்டு ஒட்டிய கதை உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். குச்சி செய்வது நாம், மருந்து முக்குவது நாம், பெட்டி ஒட்டுவது நாம். கடைசியில் சர்க்கார் சீட்டு விழுந்தால்தான் பெட்டி கடைக்குப் போகும். 1857இல் சென்னையில் ஏற்பட்டது அப்படிப்பட்ட சீட்டு ஒட்டுகிற ஸ்தாபனம்தான். கிறிஸ்தவக் கல்லூரியும் பச்சையப்பன் பள்ளியும் மாநிலக் கல்லூரியாக வளர்ந்த பள்ளியும் அதற்கு முன்பே பாடம் சொல்லிக்கொண்டிருந்தன. பல்கலைக்கழகம் மேலே உட்கார்ந்து பரீட்சை வைத்தது. அதன் முதல் பட்டதாரிகளில் ஒருவரான சி.வை. தாமோதரம்பிள்ளை — பிற்காலத்தில் கலித்தொகை முதலிய பழந்தமிழ் நூல்களை அச்சேற்றிய பெரியார் — படித்தது யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில். பாடம் யாழ்ப்பாணத்தில், பட்டம் சென்னையில்!

ஏன் இப்படிச் செய்தார்கள்? ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கச் செலவாகும். கேள்வி கேட்கப் பழகிய பட்டதாரி சர்க்காரையும் கேள்வி கேட்பான். அவர்களுக்கு வேண்டியது கச்சேரிகளுக்குக் குமாஸ்தா. அதற்குப் பரீட்சை போதும்.

இந்தப் பாதிப் பல்கலைக்கழகம் என்ன செய்தது என்பதற்கு ஓர் உதாரணம். கணிதமேதை ராமானுஜன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் மார்க் இல்லை, உதவித்தொகை போயிற்று. சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து 1907இல் எப்.ஏ. பரீட்சை எழுதினார், மறுபடியும் தோல்வி. சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவானார். 1914இல், ஆக்ஸ்போர்டைப் போலவே கல்லூரிகளால் ஆன கேம்பிரிட்ஜுக்குப் போனார். அங்கே டிரினிடி கல்லூரியில் ஹார்டி என்ற ஆசிரியர் அவரோடு உட்கார்ந்தார், சேர்ந்து கணக்குப் போட்டார். 1916இல் ஆராய்ச்சிக்காகப் பட்டம். 1918இல் ராயல் சொசைட்டி உறுப்பினர். அதே மனிதன்தான், அதே மூளைதான். இங்கே பரீட்சை அவரைச் சந்தித்தது. அங்கே ஓர் ஆசிரியர் சந்தித்தார். 1913இல் சென்னைப் பல்கலைக்கழகமும் அவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகை தந்தது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அது ஹார்டியின் பதில் கடிதம் வந்த பிறகு!

நம் மாவட்டத்துக் கல்லூரிகள்

மேலே முத்திரை வந்தது; கீழே கல்லூரி யார் கட்டியது? விருதுநகர் வீடுகளில் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்தார்கள். அந்தப் பிடி அரிசியையும் வியாபாரிகளின் மகமையையும் கொண்டு வளர்ந்தது 1889இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை. காமராஜர் படித்த பள்ளி. பிறகு 1947இல் விருதுநகரில் செந்திக்குமார நாடார் கல்லூரி. 1962இல் அங்கேயே வன்னியப்பெருமாள் பெண்கள் கல்லூரி. சிவகாசியில் 1963இல் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி. 1968இல் ராஜரத்தினம் மகளிர் கல்லூரி.

"இவையெல்லாம் முதலாளிகள் கட்டியவைதானே?" என்று சில இளந்தோழர்கள் கேட்கிறார்கள். அரிசியை அள்ளி வைத்தது பெண்களின் கை. பட்டாசு, தீப்பெட்டி வருமானத்தில் எழுந்த கட்டடங்களில் மருந்து மணம் படிந்த கைகளின் உழைப்பும் இருக்கிறது. ஆகவே அந்த வாசலில் நாம் அந்நியர்களாக நிற்க வேண்டியதில்லை. நம் பிள்ளைகளுக்கு அங்கே உரிமை உண்டு.

1966 வரை இந்தப் பகுதிக் கல்லூரிகளின் பட்டம் சென்னையிலிருந்து வந்தது. அந்த ஆண்டு மதுரைப் பல்கலைக்கழகம் பிறந்தது. தமிழறிஞர் தெ.பொ. மீனாட்சிசுந்தரனார் முதல் துணைவேந்தர். 1978இல் அது மதுரை காமராசர் பல்கலைக்கழகம் ஆயிற்று. ஏற்பாடு மட்டும் 1857இல் போட்ட தடத்திலேயே ஓடியது. பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமாக முதுகலை, ஆராய்ச்சித் துறைகள் உண்டு. ஆனால் இளங்கலை படிக்கும் பெருங்கூட்டம் இருப்பது இணைப்புக் கல்லூரிகளில். பல்கலைக்கழகம் குழு அனுப்பிப் பார்த்து அங்கீகாரம் கொடுக்கும், பாடத்திட்டக் குழு பாடம் வகுக்கும், பரீட்சை நடக்கும், பட்டம் வரும். தன்னாட்சி பெற்ற கல்லூரிகள் பாடத்திட்டத்தையும் பரீட்சையையும் தாங்களே நடத்தலாம். பட்டத்தின் முத்திரை மட்டும் பல்கலைக்கழகத்துடையது.

அம்மா, உங்கள் கேள்வியின் முதல் பாதிக்குப் பதில் இதுதான். பாடம் சொல்வது கல்லூரி. பட்டம் தருவது பல்கலைக்கழகம். இரண்டையும் பிரித்து வைத்தது 1857.

முத்திரை யார் கையில்?

"எது யாருக்குச் சொந்தம்?" என்பது இரண்டாவது பாதி. 1857இல் சென்னை கவர்னரே பல்கலைக்கழகத்தின் வேந்தர். 1904இல் கர்சன் பிரபு ஒரு சட்டம் போட்டு இந்தியப் பல்கலைக்கழகங்கள் மீது சர்க்கார் பிடியை இறுக்கினார். அதே கர்சன் 1907இல் ஆக்ஸ்போர்டுக்கு வேந்தரானார். ஆனால் அங்கே வேந்தரைப் பட்டதாரிகள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்; நிர்வாகத்தின் உச்ச அதிகாரம் ஆசிரியர்கள் பெரும் பங்கு வகிக்கும் சபையிடம் இருக்கிறது. தனக்கு ஜனநாயகம், நமக்குக் கவர்னர்!

இரண்டு சம்பவங்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.

1985 ஜனவரியில், பிரதமராக இருந்த மார்கரெட் தாட்சருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுக்கலாம் என்ற யோசனை ஆக்ஸ்போர்டு சபையின் முன் வந்தது. அவர் கல்விக்கான பணத்தை வெட்டியவர். சபை வாக்கெடுத்தது. வேண்டாம் என்றவர்கள் 738 பேர். வேண்டும் என்றவர்கள் 319 பேர். நாட்டின் பிரதமருக்கே பட்டம் இல்லை!

2023இல் மதுரை. தோழர் என். சங்கரய்யா மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பி.ஏ. படித்தவர். 1941இல் இறுதிப் பரீட்சைக்குச் சில நாட்களே இருந்தபோது வெள்ளையர் ஆட்சி அவரைக் கைது செய்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள் மீது நடந்த அடக்குமுறையை எதிர்த்தார் என்பதே குற்றம். பரீட்சை போயிற்று, பட்டம் போயிற்று, சிறை வந்தது. எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு, அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளிக்க மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுவும் ஆட்சிப் பேரவையும் தீர்மானம் போட்டன. வேந்தரான ஆளுநர் கையெழுத்திடவில்லை. 2023 நவம்பர் 2ஆம் தேதி பட்டமளிப்பு விழா நடந்தது; உயர்கல்வி அமைச்சர் அந்த விழாவைப் புறக்கணித்தார். அதே மாதம் 15ஆம் தேதி, 102 வயதில் தோழர் சங்கரய்யா மறைந்தார்.

தோழர்களே, அந்தப் பட்டம் இல்லாததால் சங்கரய்யாவுக்குக் குறைவு எதுவும் இல்லை. ஆனால் ஒரு விஷயம் பட்டவர்த்தனமாயிற்று. அங்கே சபை வாக்களித்தால் பிரதமருக்கும் பட்டம் மறுக்கப்படும். இங்கே சபை தீர்மானித்தாலும் ஒரே ஒரு கையெழுத்து தடுத்துவிடும். 2022இல் தமிழ்நாடு சட்டமன்றம் துணைவேந்தர் நியமனத்தை மாநில அரசிடம் கொண்டுவரும் மசோதாக்களை நிறைவேற்றியது. ஆளுநர் மாளிகையில் அவை தேங்கின. விவகாரம் உச்சநீதிமன்றம் வரை போயிற்று. அதிகாரம் ஆளுநரிடமிருந்து மந்திரியிடம் வந்தால் மட்டும் போதுமா? போதாது. ஆசிரியரும் மாணவரும் ஊழியரும் தேர்ந்தெடுக்கும் சபைகளுக்கு அது வர வேண்டும்.

வகுப்பறையில் நடக்கிற விபத்து

முத்திரையைப் பற்றிப் பேசினோம். பாடத்துக்கு வருவோம். உங்கள் பிள்ளையின் வாழ்வு அங்கேதான் இருக்கிறது.

இந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிற தாய்மார்களில் எத்தனை பேர் பள்ளிக்குப் போக வேண்டிய வயதில் கம்பெனி பஸ்ஸில் ஏறினீர்கள்? விடியுமுன் பஸ் வந்து கிராமங்களிலிருந்து குழந்தைகளை அள்ளிச் சென்ற காலம் அது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996இல் சிவகாசி வழக்கில் உச்சநீதிமன்றம், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்தப் போராட்டங்களின் பலனாகத்தான் உங்கள் மகள் இன்று கல்லூரிக்குப் போகிறாள். 2022 முதல், அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டமும் வந்தது. நல்லது, வரவேற்கிறோம்.

ஆனால் உள்ளே போன பிறகு? அவள் வீட்டில் முதல் பட்டதாரி. வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. வகுப்பில் அறுபது பேர். ஆசிரியருக்கு அவள் பெயர் தெரிவதற்குள் செமஸ்டர் முடிந்துவிடுகிறது. ஆங்கிலப் பாடம் புரியாமல் குறிப்பு வாங்கி உருப்போடுகிறாள். தீபாவளி சீசனில் அம்மாவோடு உட்கார்ந்து கூலிக்குச் சரம் பின்னுகிறாள். ஒரு பாடத்தில் அரியர் விழுந்தால், "போதும், கம்பெனிக்கு வா" என்ற குரல் கேட்கிறது.

வெடிமருந்து அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக்கூடாது என்பது விதி. ஏன்? ஆள் மிஞ்சினால் உயிர் மிஞ்சாது. அந்த விதியை மீறி உட்கார வைப்பதால் எத்தனை உயிர்களைக் கொடுத்திருக்கிறோம் என்பது இந்த மண்ணுக்குத் தெரியும். வகுப்பறையில் ஆள் மிஞ்சினாலும் விபத்துதான். சத்தம் கேட்பதில்லை; மறுநாள் பேப்பரில் வருவதில்லை. ஆனால் ஒரு பெண்ணின் படிப்பு அங்கே எரிந்து போகிறது.

ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் ஆயிரக்கணக்கானவர்கள் கௌரவ விரிவுரையாளர்களாகவே காலம் தள்ளுகிறார்கள். பெயரில்தான் கௌரவம், வேலைக்கு நிரந்தரம் இல்லை. மாதம் 50,000 ரூபாய் வரை கொடுக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் சொன்னது. அதைக் கேட்டு அவர்கள் பலமுறை வீதிக்கு வந்திருக்கிறார்கள். சுயநிதிப் பிரிவு ஆசிரியரின் நிலையும் இதேதான். பீஸ் ரேட்டில் வேலை செய்யும் நமக்கு அவர்களின் வேதனை புரியாதா? தன் அடுத்த மாதச் சம்பளம் தெரியாத ஆசிரியர், உங்கள் மகளோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து அவள் கட்டுரையைத் திருத்துவது எப்படி?

நாம் கேட்பதும், நாம் செய்வதும்

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. காலிப் பணியிடங்களை நிரந்தர ஆசிரியர்களைக் கொண்டு நிரப்பு. கௌரவ விரிவுரையாளர்களுக்கு முழு ஊதியமும் பணிப் பாதுகாப்பும் கொடு. முதல் தலைமுறை மாணவருக்கு வாரம் ஒரு மணி நேரம் சிறு குழு வகுப்பைப் பாடத்திட்டத்திலேயே சேர். அதை ஆசிரியரின் வேலை நேரமாகக் கணக்கிடு. பல்கலைக்கழகச் சபைகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆசிரியர், மாணவர், ஊழியர் பிரதிநிதிகளுக்கு உண்மையான அதிகாரம் கொடு.

இவையெல்லாம் கிடைக்கும் வரை சும்மா இருப்பதா? வேல்ஸ் சுரங்கத் தொழிலாளி சும்மா இருக்கவில்லை. பிடி அரிசி எடுத்து வைத்த பெண்களும் சும்மா இருக்கவில்லை. நம் சங்க அலுவலகம் ஞாயிற்றுக்கிழமை மாலையில் காலியாகக் கிடக்கிறது. ஒரு விளக்கு, ஒரு பாய், ஒரு கரும்பலகை இருக்கிறது. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் ஊரில் இருக்கிறார்கள். மாணவர் சங்கத் தோழர்கள் இருக்கிறார்கள். ஓர் ஆசிரியர், இரண்டு மூன்று பிள்ளைகள், ஒரு மணி நேரம். முந்திய வாரமே ஒரு கேள்வி. பிள்ளை தன் சொந்த வார்த்தையில் எழுதி வர வேண்டும். ஆக்ஸ்போர்டில் செல்வந்தர் வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்த அந்த ஒரு மணி நேரத்தைச் சிவகாசியில் சரம் பின்னுகிறவரின் மகளுக்கு நாம் கொடுக்க முடியாதா?

இது அரசின் கடமையைத் தட்டிக்கழிக்க விடுவதாகாது. படித்த பிள்ளைதான் நாளை அந்தக் கடமையைக் கேட்டு முன்வரிசையில் நிற்கும்.

அம்மா, உங்கள் கேள்விக்கு என் பதில் இது. பட்டத்தின் முத்திரை இன்று மேலே எங்கோ இருக்கிறது. பாடம் இங்கே இருக்கிறது. பாடத்தை நாம் கையில் எடுப்போம். முத்திரையும் ஒரு நாள் ஜனங்களின் கைக்கு வந்தே தீரும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு முதல் வகுப்பு. உங்கள் மகளை அழைத்து வாருங்கள். வந்தவுடன் நான் கேட்கப்போகும் கேள்வியை இப்போதே அவளிடம் சொல்லிவிடுங்கள்: "வெடிமருந்து அறையில் நாலு பேர் என்று விதி இருந்தும், விபத்து ஏன் நிற்கவில்லை?"

அவள் எழுதி வரட்டும். நாம் உட்கார்ந்து கேட்போம்.